நீலத்துயரிசை, முதலாம் நிலை

தர்மபுரத்து யோகலிங்கம் தண்ணீர் இறைக்கும் மெசின் கேட்டுப் போய்க் கித்தார் படிக்க நேர்ந்தது 2006ஆம் ஆண்டின் முற்பகுதியில். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னர் கித்தார் என்பதை அவர் ஒரு கலண்டரில் மட்டும் கண்டிருந்தார். அதிலும் கித்தாரைப் பிடித்திருந்த பெண்ணைத்தான் பார்த்திருந்தார்.

மாசி மாதம், மிளகாய்க் கன்று பூக்கத் தொடங்கிய நேரத்தில் அவருடைய பழைய மெசின் வெடித்துவிட்டது. பரந்தனில் கராச் வைத்திருந்தவர் அதைத் தட்டிப் பார்த்து, "இதை இனி வள்ளத்துக்கு நங்கூரமாப் போடலாம், அண்ணை" என்றார். யோகலிங்கத்திடம் வள்ளம் இல்லை. அரை ஏக்கர் மிளகாயும் ஆழமான ஒரு கிணறும் இருந்தன. அவரும் மனைவி விமலேஸ்வரியும் வாளியால் அள்ளி ஊற்றத் தொடங்கினார்கள். வாளியால் அள்ளி அரை ஏக்கரைக் காப்பாற்ற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆழிப்பேரலையாகக் கடல் வந்து போனதற்குப் பிறகு கிளிநொச்சி முழுக்கத் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் முளைத்திருந்தன. ஒன்று மலசலகூடம் கட்டியது. ஒன்று வலை கொடுத்தது. ஒன்று, மற்ற நிறுவனங்கள் ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்று பார்த்தது. யோகலிங்கம் சைக்கிளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மாடி வீட்டின் முன்னால் நின்றார். கூரையில் நெற்குதிர் அளவில் ஒரு செய்மதித் தட்டு இருந்தது. பலகையில் 'இன்னிசை வழி இன்னல் தணிப்புக்கான சர்வதேச நிறுவனம்' என்று எழுதி, அடியில் சின்ன எழுத்தில் 'வாழ்வாதாரம்' என்றும் போட்டிருந்தார்கள். அவர் அந்தச் சின்ன எழுத்தை நம்பி உள்ளே போனார். சனங்கள் அந்த இடத்தைக் கித்தார் கந்தோர் என்று சொல்வார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

திட்ட முகாமையாளர் தில்லைநாதன் நல்ல மனிதர். எழுந்து நின்று கதிரை காட்டினார், தேத்தண்ணி வரவழைத்தார். ஆனால் நெடுங்காலமாக அறிக்கைகள் எழுதி எழுதி, அவர் வாயைத் திறந்தால் அதுவும் அறிக்கையாகவே வந்தது.

"மெசின் இருக்கு, ஐயா. பின்னால களஞ்சியத்தில புதுசாக் கிடக்கு. ஆனா நேரடியாகக் குடுக்கிறது எங்கட கொள்கைக்கு மாறு. குடுத்தா நீங்கள் தங்கியிருப்பியள்."

"எங்க தங்கிறது, சேர்? நான் வீட்டிலதானே இருக்கிறன்."

"தங்கியிருத்தல் எண்டது ஒரு மனநிலை, ஐயா. முதல்ல மனம் எழும்பவேணும். மனம் எழும்பினாப் பிறகு மெசின். முதலாம் நிலை சித்தியடையிற பயனாளிகளுக்கு அவையவைக்குத் தேவையான உபகரணம் குடுப்பம்."

"என்னத்தில சித்தியடைய வேணும்?"

"புளூஸ்" என்றார் தில்லைநாதன். "தனிக் கித்தார் புளூஸ். இணைய வழிப் பாடம்."

யோகலிங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் விமலேஸ்வரி எத்தனையாவது வாளியில் நிற்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "எப்ப துவங்கும், சேர்?" என்று கேட்டார்.

உடனே தொடங்க முடியாதாம். அதற்கு முன் அவர் போதிய அளவு துயரத்தில் இருக்கிறாரா என்று அளக்கவேண்டும். அளப்பதற்கு ஐந்து முகங்கள் வரைந்த ஒரு மட்டையைக் கொண்டு வந்தார் பத்மாசனி. அந்த நிறுவனத்தின் மொழிபெயர்ப்பாளர் அவர், முள்ளியவளையைச் சேர்ந்த இளம்பெண். மட்டையின் ஒரு முனையில் அழுகிற முகம், மறுமுனையில் சிரிக்கிற முகம். உங்கள் நிலையைத் தொடுங்கள் என்றார்கள். யோகலிங்கம் நாகரிகமான மனிதர். அந்நியர் வீட்டில் அழுகிற முகத்தைத் தொடுவது சரியில்லை என்று நினைத்து நடு முகத்தைத் தொட்டார்.

"துயரம் காணாது, ஐயா" என்றார் தில்லைநாதன். "நடுவில நிக்கிற ஆக்களுக்கு எங்களிட்டத் திட்டம் இல்லை. இன்னும் கொஞ்சம் கீழ போகவேணும். உங்களுக்கு இழப்பு ஏதும் இருக்கோ?"

யோகலிங்கம் சொன்னார். வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த பிறகு, தொண்ணூற்றாறாம் ஆண்டு, அவர்களுடைய ஒரே பிள்ளை மலேரியாவில் போய்விட்டாள். ஐந்து வயது. இப்படிக் கேட்டு யாரும் அவரிடம் வந்ததில்லை. சொல்லி முடித்ததும் கையைத் துடைக்கச் சால்வையைத் தேடினார்.

தில்லைநாதன் மெய்யாகவே வருந்தினார். "எனக்கு விளங்குது, ஐயா. ஆனா எங்கட நிதி ஆழிப்பேரலை நிதி. தொண்ணூற்றாறு எங்கட காலப்பகுதிக்குள்ள வராது. அந்தத் துயரத்துக்கு வேற நிறுவனந்தான் பொறுப்பு. அவை இப்ப நாட்டில இல்லை."

பத்மாசனி மட்டையைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, கடல் வந்த அண்டைக்கு நீங்கள் முல்லைத்தீவுப் பக்கம் போனனீங்களோ?"

போயிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரரின் உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு போய், கரையில் கிடந்தவர்களை ஏற்றி இறக்கினார். வீட்டுக்கு வந்து நெடுநாள் சோறு இறங்கவில்லை. தில்லைநாதனின் முகம் மலர்ந்தது. அது இரண்டாம்தரத் துயரம் என்ற பிரிவில் சரியாகப் பொருந்தியது. யோகலிங்கத்தின் விரலைப் பிடித்து அழுகிற முகத்தின் மேல் வைத்தார். "வாழ்த்துகள், ஐயா. நீங்கள் தெரிவாகியிட்டீங்கள்."

பங்குனியில் தொடக்க விழா. தெரிவான பயனாளிகள் முன் வரிசையில் இருந்தார்கள். யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் வீரம்மா. மலைநாட்டில் கலவரத்தில் அடிபட்டு வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய மனுசி. கறவை மாடு கேட்டு வந்திருந்தாள், அவளுக்கும் கித்தார். வெள்ளைக்காரப் பணிப்பாளர் அம்மையார் பருத்திச் சேலை உடுத்து வந்து பேசினார். பத்மாசனி மொழிபெயர்த்தார்.

"உங்களைப் போலவே வயலில் உழைத்து, உங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்த மக்கள் தூர தேசத்தில் உருவாக்கிய இசை இது. மற்ற நிறுவனங்கள் உங்களுக்குப் பொருள் கொடுக்கின்றன. பொருள் பழுதாகிவிடும். துயரம் பழுதாகாது. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதைக் கொண்டுவர எங்களுக்கு லொறி தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த மண்ணில் இவ்வளவு துயரம் பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது என்று கண்டபோது நான் வியந்துபோனேன். அதைத்தான் நாம் சேர்ந்து அபிவிருத்தி செய்யப்போகிறோம்."

வீரம்மா யோகலிங்கத்தின் பக்கம் சாய்ந்தாள். "அபிவிருத்தின்னா கூட்டுறதாங்க, கொறைக்கிறதாங்க?"

"தெரியேல்லை, அக்கா. கைதட்டுறாங்கள், தட்டுங்கோ."

அதன் பின்னும் பாடம் தொடங்கவில்லை. புளூஸ் என்பதற்குத் தமிழ்ச்சொல் காணாமல் வகுப்பு நடத்தக்கூடாது என்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற அதிபர்கள் இருவரும் தில்லைநாதனும் கூடிக் கூடி யோசித்தார்கள். ஒருவர் ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்து 'நீலங்கள்' என்றார். மற்றவர், நீலம் என்பது நஞ்சுக்கும் பெயர், விவசாயிகளிடம் அந்தச் சொல்லைக் கொடுக்கக்கூடாது என்றார். 'சோகக் கித்தார்' என்பது கித்தாரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. ஒவ்வொரு அமர்விலும் கட்லட் கொடுத்தார்கள். சித்திரை பிறந்தபோது 'நீலத்துயரிசை' என்று முடிவானது. அந்தச் சொல் பிறப்பதற்குள் யோகலிங்கத்தின் தோட்டத்தில் வேலியோர வரிசைகள் கருகி முடிந்திருந்தன. எந்த வரிசையைச் சாகவிடுவது என்று புருசனும் மனைவியும் நின்று பேசித் தீர்மானிக்கவேண்டிய கட்டம் வந்திருந்தது. தூரத்து வரிசைகளை விட்டார்கள். கிணற்றுக்குக் கிட்ட நின்றவற்றை வைத்துக்கொண்டார்கள்.

கித்தார்கள் கொழும்பிலிருந்து லொறியில் வந்தன. பாதையில் இருந்த இராணுவச் சாவடியில் கித்தாரை விட்டார்கள். கம்பிகளை விடவில்லை. கம்பி என்றால் கம்பிதான். வன்னிக்குள் போகும் கம்பி எதற்கெல்லாம் உதவும் என்று அங்கே நின்றவர்களுக்கு நல்ல கற்பனை இருந்தது. ஆகவே பயனாளிகள் ஒவ்வொருவருக்கும் பளபளப்பான, கம்பியில்லாத கித்தார் ஒன்று வழங்கப்பட்டது.

"கம்பி வந்தாப்போல துவங்குவமோ, சேர்?" என்று கேட்டார் யோகலிங்கம்.

"இல்லை, ஐயா. கால அட்டவணை தவறக்கூடாது. ஒலி எண்டது வெளியீடு. நாங்கள் இப்ப உள்ளீட்டில நிக்கிறம்."

ஆகவே உள்ளீடு தொடங்கியது. மாடியில் ஒரே ஒரு கணினி. அதைச் சுற்றிக் கதிரைகள். திரையில் தொப்பி போட்ட ஒரு கறுப்பினக் கிழவர், மர வீடொன்றின் முன்னால் கித்தாரோடு இருந்தார். செய்மதியிலிருந்து அவர் துண்டு துண்டாக வந்தார். முதலில் தொப்பி வரும். நெடுநேரம் கழித்துக் கண். வாய் வருவதற்குள் குரல் வந்து போய்விடும். பிறகு ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும். எல்லோரும் மடியில் கம்பியில்லாக் கித்தாரை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்த்தபடி இருப்பார்கள்.

"பெருவிரல் நிக்கக்கூடாது எண்டு சொல்லுறார்" என்று பத்மாசனி சொன்னார். "மேல இருக்கிற தடிச்ச கம்பியைப் பெருவிரல் ஒரே சீராத் தட்டிக்கொண்டே இருக்கவேணுமாம். மற்ற விரல்கள் கீழ இருக்கிற மெல்லிய கம்பியில கதை சொல்லுமாம். கதை எங்க போனாலும் பெருவிரல் நிக்கக்கூடாதாம். தனிய வாசிக்கிற ஆளுக்கு வேற துணை இல்லை, பெருவிரல்தான் துணை எண்டு சொல்லுறார்."

எல்லோரும் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் காற்றைத் தட்டினார்கள். தில்லைநாதன் அதைப் படம் எடுத்தார்.

யோகலிங்கம் கித்தாரைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோன அன்று விமலேஸ்வரி அதன் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். "இதில கம்பி இல்லையே."

"ஓம். அது பிறகு வரும்."

"மெசின்?"

"அதுவும் பிறகு வரும்."

விமலேஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவர் பின்னால் போய் மற்ற வாளியை எடுத்தார். "நீங்கள் அதைப் படியுங்கோ" என்றாள். "நான் கோவத்தில சொல்லேல்லை. ரெண்டு பேரும் அள்ளினாலும் காணாது. ஒராள் படிச்சு மெசினைக் கொண்டுவந்தால்தான் தோட்டம் தப்பும். போய்ப் படியுங்கோ." அவள் கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சொன்னது சரியாக இருந்தது.

கம்பிப் பிரச்சினையைத் தீர்த்தது வீரம்மா. அவளுடைய அக்கா மகன் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவன். அங்கே சனங்களுக்கு ஒரு நிறுவனம் வலை கொடுத்திருந்தது. வள்ளம் கொடுக்கவேண்டிய நிறுவனம் இன்னும் துயரம் அளந்துகொண்டிருந்ததால் வலைகள் அப்படியே வீட்டுக் கூரை வளையில் தொங்கின. அவனிடமிருந்து வீரம்மா தங்கூசி நூல் வாங்கி வந்தாள். தடித்தது, நடுத்தரம், மெல்லியது என்று மீனுக்கேற்ற நூல்கள். மேலே சுறாவுக்குரியது, கீழே சூடைக்குரியது என்று கித்தாரில் கட்டினார்கள். ஒலி வந்தது. வாளிக்குள் தவளை கத்துவது போல இருந்தாலும் ஒலிதான். தில்லைநாதன் உடனே அதைத் தலைமையகத்துக்கு 'பயனாளிகளின் புத்தாக்கம்' என்று எழுதி அனுப்பினார். தலைமையகம் மகிழ்ந்து, இனிக் கம்பிக்கு நிதி தேவையில்லை என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டது.

யோகலிங்கம் படித்தார். மெசினுக்காகப் படித்தார் என்றாலும் மெய்யாகப் படித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்குக் கம்பி எங்கே இருக்கிறதென்றே முதலில் தெரியவில்லை. இரண்டு கம்பியை ஒருமிக்க அமத்திவிடும். பெருவிரல் தட்டினால் மற்ற விரல்கள் நிற்கும். மற்ற விரல்கள் எழுந்தால் பெருவிரல் நிற்கும். வைகாசி வெயிலில் பூவரச மரத்தடியில் இருந்து ஒரு நாள் முழுக்க முயன்று, ஆத்திரத்தில் கித்தாரை மண்ணில் வைத்துவிட்டு எழுந்தார். தூரத்தில் யாரோ தோட்டத்தில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. டக் டக் டக் டக் என்று, மேடு பள்ளம் இல்லாமல். அவருடைய தோட்டத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடியது. அது ஓடும்போது அவர் வாய்க்கால் மாற்றுவார், புல் பிடுங்குவார், மனைவியோடு பேசுவார். மெசின் தன்பாட்டில் ஓடும். அவர் திரும்ப இருந்தார். பெருவிரலை அந்தச் சத்தத்தோடு ஓடவிட்டார். அதைப் பற்றி நினைக்காமல் மற்ற விரல்களால் தன் வேலையைப் பார்த்தார். ஓடியது.

பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரு சுற்று. மூன்று இடத்தில் கை மாறவேண்டும். பிறகு புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். மெல்லிய கம்பியை அமத்தியபடி மேலே தள்ளினால் ஒலி அழப்போவது போல வளையும் என்று தொப்பிக்காரர் காட்டியிருந்தார். யோகலிங்கம் தள்ளினார். தங்கூசி வளைந்து, அவர் நினைத்த இடத்துக்கு எட்டாமல் நடுவில் நின்று நடுங்கியது. அவர் மறுபடி அதே இடத்தைத் தொட்டார். மறுபடியும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, நிமிர்ந்து பார்த்தபோது விமலேஸ்வரி வரிசை நடுவில் வாளியோடு நின்றாள். வாளி சரிந்து தண்ணீர் அவளுடைய காலில் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அதை வாசிக்காதேங்கோ" என்றாள்.

"ஏன்? பிழையா?"

"பிள்ளையின்ர ஞாபகம் வருது. எனக்கு இப்ப அழ நேரமில்லை. மத்தியானத்துக்கிடையில அந்தக் கரை வரைக்கும் ஊத்தவேணும்."

அதற்குப் பிறகு அவர் வீட்டில் வாசிக்கவில்லை. வாய்க்கால் மேட்டுக்குப் போய் இருந்து வாசித்தார்.

ஆனி மாதத்தில் இறுதிப் பரீட்சை. தொப்பிக்காரரே நேரடியாகத் திரையில் வந்து கேட்கப்போகிறார் என்றார்கள். அதற்கு முன்னர் தில்லைநாதன் யோகலிங்கத்தைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்தி, ஐந்து முகமும் உள்ள மட்டையை எடுத்து வைத்தார்.

"ஐயா, வரேக்க நீங்கள் அழுகிற முகத்தில நிண்டியள். இப்ப நாலாம் முகத்துக்காவது வந்திருக்கவேணும். இல்லாட்டித் திட்டம் வேலை செய்யேல்லை எண்டு ஆகும்."

"தோட்டத்தில முக்கால்வாசி செத்துப்போச்சு, சேர். நான் இப்ப அந்த முகத்துக்கும் கீழ."

"அதுக்குக் கீழ முகம் இல்லை, ஐயா."

"மெசினைத் தாங்கோ. எந்த முகத்தைத் தொடச் சொன்னாலும் தொடுறன்."

"துயரம் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் மெசின்."

"மெசின் வந்தாத்தானே, சேர், குறையும்."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்கும் விளங்குது. ஆனா எனக்கு விளங்கிறது திட்டத்துக்குள்ள இல்லை."

யோகலிங்கம் மட்டையைத் தன் பக்கம் இழுத்தார். கிணற்றடியில் எஞ்சி நின்ற வரிசைகள் இன்னும் இரண்டொரு மாதம் தாங்கும். இப்போது மெசின் கிடைத்தால் அதில் பழம் பறிக்கலாம். அவர் விரலை நீட்டி, நாலாம் முகத்தையும் தாண்டி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்த கடைசி முகத்தில் அழுத்தினார்.

பரீட்சைக்குப் பணிப்பாளர் அம்மையார் முன் வரிசையில் இருந்தார். திரையில் தொப்பி வந்தது, கண் வந்தது. யோகலிங்கம் கணினியின் முன்னால் இருந்து வாசித்தார். பெருவிரல் ஒருமுறைகூட நிற்கவில்லை. வாய்க்கால் மேட்டில் வாசித்ததையே வாசித்தார். அந்த வளைவை அது நிற்கிற இடத்திலேயே நடுங்கவிட்டார். அம்மையார் கைலேஞ்சியை எடுத்தார். திரையில் கிழவர் தொப்பியைக் கழற்றியதை எல்லோரும் கண்டார்கள், வேகம் குறைந்த இணைப்பில் அது இரண்டு தடவை நடந்தது போலிருந்தது. அவர் ஏதோ சொன்னார்.

"அற்புதம் எண்டு சொல்லுறார்" என்றார் தில்லைநாதன்.

"இல்லை" என்றார் பத்மாசனி. "இந்த மனுசனுக்கு என்ன வேணும் எண்டு கேக்கிறார். கேட்டுச் சொல்லுங்கோ எண்டு சொல்லுறார்."

யோகலிங்கம் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "மெசின்" என்றார். "தண்ணி இறைக்கிற மெசின், ஐயா. கிணறு ஆழம்."

திரையில் கிழவர் வாய் திறந்தபடி நின்றார். வட்டம் சுற்றியது. எல்லோரும் காத்திருந்தார்கள். மின்பிறப்பாக்கி நின்று போய் அறை இருண்டது. தில்லைநாதன், கேள்வி பதில் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று அறிவித்தார்.

மாலையில் முடிவு சொன்னார்கள். பணிப்பாளர் அம்மையாரே எழுந்து சொன்னார். "வீரம்மா இன்னும் அழுகிற முகத்திலேயே நிற்கிறார். மனம் எழும்பாத ஒருவரிடம் மாட்டைக் கொடுத்தால் அந்த மாட்டை யார் பார்ப்பது? அவர் மறுபடி முதலாம் நிலையைப் படிக்கவேண்டும். யோகலிங்கமோ எங்கள் நிறுவனத்தின் பெருமை. எந்தப் பொருளுதவியும் இல்லாமல், இசையால் மட்டும் கடைசி முகம்வரை வந்த முதல் மனிதர். இவருக்கு இனி ஒரு மெசினைக் கொடுத்தால், இவரைக் குணமாக்கியது இசையா மெசினா என்ற சந்தேகம் வரும். அந்த அவமானத்தை நான் இவருக்குச் செய்யமாட்டேன்."

இதைத் தமிழில் சொல்லச் சொன்னபோது பத்மாசனி எழுந்து வெளியே போய்விட்டார். தில்லைநாதன்தான் சொன்னார். யோகலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய கித்தாரை எடுத்துக் கதிரையில் சாத்தி வைத்துவிட்டுப் படியிறங்கினார். வீதிக்கு வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு பரந்தன் சந்திவரை நடந்தே போனார்.

ஆவணி மாதம் வடக்கே சண்டை தொடங்கியது. சாமான் லொறிகள் வரும் பாதை பூட்டப்பட்டது. வெள்ளைக்காரர்கள் போகிறார்கள் என்ற கதை தர்மபுரத்துக்கு வந்த காலையில் யோகலிங்கம் சைக்கிளை எடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெள்ளை வாகனங்கள் போய்விட்டன. வாசல் படலையில் பெரிய பூட்டு. பத்மாசனி முள்ளியவளைக்குத் தாயிடம் போய்விட்டாராம். மதகில் தில்லைநாதன் தனியாக இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மதிலோரம் வீரம்மா கையில் ஒரு மாட்டுக் கயிற்றோடு நின்றாள். போகிறவர்கள் மாட்டை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மாடு ஒரு நாளும் இருக்கேல்லை, அம்மா" என்று தில்லைநாதன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாட்டுக்கு நிதி கேட்டு எழுதினது மட்டுந்தான்."

"மெசின்?" என்றார் யோகலிங்கம்.

"அது இருக்கு. களஞ்சியத்தை ஒழிக்கேக்க வெளியில எடுத்து வைச்சது, தார்ப்பாய்ப் படங்கால மூடிக் கிடக்கு. படலைத் திறப்பு பணிப்பாளர் அம்மாவோட போயிட்டுது."

"மதிலால எடுக்கலாம்."

"கையளிப்பு வைபவம் இல்லாமல் ஒரு சாமானும் வெளியில போகக்கூடாது, ஐயா." சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்டது போலத் தலையைக் குனிந்தார்.

"அப்ப வைபவத்தை வையுங்கோ, சேர்" என்றார் யோகலிங்கம். அவர் பகிடி விடவில்லை. அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

யோகலிங்கம் மதிலேறி உள்ளே குதித்தார். படங்கை இழுத்தார். சிவப்பு நிற மெசின், ஒரு துளி மண் படாமல் இருந்தது. வீரம்மா கயிற்றை வீசினாள். அவர் அதை மெசினில் சுற்றிக் கட்டி உள்ளிருந்து தூக்க, அவள் வெளியே நின்று இழுத்தாள். தில்லைநாதன் மதகிலிருந்து எழுந்து, போட்டிருந்த சேட்டை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்புக்குரிய பயனாளிகளே" என்று தொடங்கினார். பழகிய குரல் தானாக வந்தது. "இந்த இனிய நாளில் உங்கள் முன் நிற்பதில் மகிழ்ச்சி அடைகிறோம். எமது நிறுவனம் இப்பிரதேசத்தில் துயரத்தைக் கணிசமான அளவு குறைத்துள்ளது. அவ்வாறு அறிக்கை சொல்கிறது. அறிக்கையை எழுதியவன் நான். இன்று காலை எமது பணிப்பாளர் அவர்கள் பாதுகாப்பாகப் புறப்பட்டுச் சென்றார்கள். வாகனத்தில் இடம் இருந்தது. கித்தார்களை ஏற்றினார்கள், அவை சொத்துப் பதிவில் உள்ளவை. உள்ளூர்ப் பணியாளர்கள் உள்ளூரில் இருப்பதே பாதுகாப்பு என்று எமது கொள்கையில் ஒரு வசனம் உண்டு. அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். நல்ல தமிழ் என்று அப்போது எல்லோரும்..."

மெசின் மதில் மேல் வந்து நின்றது. "சேர், ஒரு கை குடுங்கோ" என்று உள்ளிருந்து யோகலிங்கத்தின் குரல் கேட்டது. தில்லைநாதன் ஓடிப்போய் இரண்டு கையாலும் மெசினைத் தாங்கி மார்போடு அணைத்து இறக்கினார். வெள்ளைச் சேட்டில் கறை பட்டது. பேச்சு முடிந்தது என்று நினைத்து வீரம்மா கைதட்டினாள். பிறகு தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு தர்மபுரத்துப் பக்கம் நடந்தாள்.

யோகலிங்கம் மெசினைச் சைக்கிளின் பின்னால் வைத்துப் படங்கைக் கிழித்துக் கட்டினார். "நீங்கள் எங்க போறியள், சேர்?"

"தெரியேல்லை, அண்ணை" என்றார் தில்லைநாதன். அவர் யோகலிங்கத்தை அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சேர் எண்டு சொல்லாதேங்கோ."

வழியில் இருந்த ஒவ்வொரு கடையிலும் இறங்கி மண்ணெண்ணெய் கேட்டபடி யோகலிங்கம் வீட்டுக்கு வந்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. விமலேஸ்வரி வாளியை வைத்துவிட்டு வந்து மெசினைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து அதன் சிவப்புப் பூச்சை உள்ளங்கையால் தடவினாள். அவளுடைய முகத்தில் ஒரு கணம் வந்து போனதை யோகலிங்கம் கண்டார். அந்த மட்டையில் அப்படி ஒரு முகம் இருந்ததில்லை.

"எண்ணெய்?" என்றாள்.

"பரந்தனில இல்லை. இஞ்சையும் ஒரு கடையிலயும் இல்லை. பாதை பூட்டினதோட எல்லாம் முடிஞ்சுதாம்."

"இனி வராதோ?"

"ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அவள் வீட்டுக்குள் போய் ஒரு சாக்கைக் கொண்டு வந்தாள். மெசினை மூடி, காற்றுக்கு எழும்பாமல் நாலு மூலையிலும் கல் வைத்தாள். "வெயில் பட்டா பெயின்ற் போயிடும்" என்றாள்.

கிணற்றடியில் நின்ற வரிசைகளில் இலைகள் சுருண்டிருந்தன. பழுக்கத் தொடங்கிய காய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. வடக்கே முழக்கம் கேட்டது. இருவரும் நின்று அது ஓயும்வரை கேட்டார்கள். பிறகு யோகலிங்கம் கிணற்றுக்குள் வாளியை விட்டார். விமலேஸ்வரி வரிசைக்குள் இறங்கி முதல் கன்றடியில் மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தாள்.